பொருளைத் தொடாத சட்டம்

ஒருமுறை இழுத்துத் தீர்த்துவிட்டுத் தூக்கி எறியும் வேப் என்ற மின்சிகரெட் கருவிகளின் விற்பனையைப் பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை செய்திருக்கிறது. பெல்ஜியம் அதற்கு ஐந்து மாதங்கள் முந்திக்கொண்டது. பிரான்ஸ் பிப்ரவரியில் சட்டம் இயற்றியது. நியூசிலாந்து அதே ஜூன் மாதம் சேர்ந்துகொண்டது. இந்தத் தடைகள் பேச்சளவில் இருந்த நாளிலிருந்தே ஒரு கருத்து விடாமல் சொல்லப்பட்டு வருகிறது. வேப் நிறுவனங்கள் சொல்கின்றன; சில்லறைக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள்; தனிமனித சுதந்திரம் பேசுவோர் சொல்கிறார்கள்; புகைப்பழக்கத்திலிருந்து மக்களை மீட்கப் பாடுபடும் மருத்துவர்களில் ஒரு சாராரும் சொல்கிறார்கள். ‘பொருளில் குற்றமில்லை, அது போய்ச் சேரும் கைதான் தவறு. சிகரெட்டை விட நினைக்கும் பெரியவர்களுக்கு இது வரப்பிரசாதம். சிறுவர் கைக்குப் போகிறதென்றால் சட்டத்தை மீறி விற்ற கடைக்காரரைப் பிடியுங்கள், வயது வரம்பைக் கறாராக அமல்படுத்துங்கள். பொருளைத் தொடாதீர்கள்’ என்பதே அந்தக் கருத்து. கேட்பதற்கு நியாயமாக இருப்பதால் அது பரவியிருக்கிறது. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் நடந்தவை அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. யூஸ் அண்ட் த்ரோ வேப் வழி தவறிப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அதன் விலை, சுவை, வடிவம், நிகோட்டின் சேர்மானம் ஆகிய எல்லாமே இதுவரை எதையும் இழுத்துப் பழகாத ஒருவரைத் தொடங்க வைப்பதற்குப் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட பொருளை அப்படியே விட்டுவிட்டுக் கல்லாவை மட்டும் காவல் காக்கும் சட்டம் தோற்கும். தோற்றும் இருக்கிறது.

மறுக்க முடியாததை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். சிகரெட் பிரிட்டனில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைக் கொல்கிறது. புகையிலை எரியும்போது எழும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வேப்பில் இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை, வேப் சிகரெட்டைக் காட்டிலும் ஏறக்குறைய 95 சதவீதம் கேடு குறைந்தது என்று மதிப்பிட்டது. அந்த எண்ணைப் பற்றிச் சர்ச்சை உண்டு. ஆனால் புகைப்பவர் ஒருவர் முழுவதுமாக வேப்புக்கு மாறினால் அவர் உடலுக்கு நன்மை என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் புகைப்பதை நிறுத்த விரும்பிய 886 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில், நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதம் பேரும், வேப் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதம் பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். வேப் சிகரெட்டை விடக் கொடியது என்று மிரட்டுவோர் பொதுச் சுகாதாரத்துக்கு நன்மை செய்யவில்லை; புகைப்பவர்களைச் சிகரெட்டோடேயே இருக்கச் செய்கிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது எந்தக் கருவி என்று பார்க்க வேண்டும். திரவத்தை நிரப்பி நிரப்பி, மின்னேற்றி மின்னேற்றிப் பயன்படுத்தும் கருவி அது. அரசு மருத்துவச் சேவையின் ஆலோசகர்கள் வாரந்தோறும் உடனிருந்து வழிநடத்தினார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் சாக்லேட்டோடு சாக்லேட்டாக அடுக்கி வைத்து விற்கும் வண்ணக் குழாயைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஒரு கருவி சம்பாதித்த நற்பெயரை இன்னொரு கருவிக்கு மாற்றி எழுதித்தான் ‘வரப்பிரசாதம்’ என்ற வாதம் நிற்கிறது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. வேப்பின் துணையோடு சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டை, சூயிங்கம் பிரிவில் சிகரெட்டை விட்டவர்களில் 9 சதவீதம் பேர்தான் ஓராண்டுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்தார்கள். சிகரெட்டின் பிடி விட்டாலும் நிகோட்டினின் பிடி விடவில்லை என்று பொருள். இருபது ஆண்டுகளாகப் புகைத்த நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அது பேரிழப்புக்குப் பதில் சிறு இழப்பு, அவருக்கு லாபம்தான். சிகரெட்டையே தொடாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது முழுக்க முழுக்க இழப்பு. ஒரே பொருளை இந்த இருவருக்கும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

யூஸ் அண்ட் த்ரோ வேப் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய வகை வேப் திரவத்தில் நிகோட்டின் அளவு கூடக் கூடத் தொண்டை எரியும், இருமல் வரும். அந்த எரிச்சலே புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு தடுப்பாக இருந்தது. நிகோட்டினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உப்பாக்கினால் அந்த எரிச்சல் குறைந்துவிடும். அதிக நிகோட்டினை நோகாமல் உள்ளிழுக்கலாம். 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் கருவி இதைப் பரவலாக்கியது. யூஸ் அண்ட் த்ரோ வேப் அதை இன்னும் எளிதாக்கியது. பிரிட்டிஷ் சட்டத்தின் உச்சவரம்பு ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோட்டின், தொட்டிக்கு 2 மில்லி திரவம். அந்த வரம்புக்குள் 40 மில்லிகிராம் நிகோட்டினும் சுமார் 600 இழுப்பும் அடங்கிவிட்டன. நிரப்ப வேண்டாம், மின்னேற்ற வேண்டாம், பொத்தானை அழுத்தக்கூட வேண்டாம். வாயில் வைத்து இழுத்தால் போதும். மாம்பழம், தர்ப்பூசணி, பஞ்சுமிட்டாய்ச் சுவைகள். சட்டையில் ஒட்டாத வாசனை, உள்ளங்கைக்குள் மறையும் உருவம். விலை ஐந்தாறு பவுண்டு. ஒரு சிகரெட் பாக்கெட் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். புகைப்பவருக்குத் தொடங்குவதற்கான செலவு ஒரு பொருட்டே இல்லை. அவர் ஏற்கெனவே அதைவிட அதிகம் செலவழித்துக்கொண்டிருக்கிறார். புதிய கருவியைக் கற்றுக்கொள்ளும் சிரமத்தையும் அவர் பொறுத்துக்கொள்வார். அவருக்கு அதற்கான காரணம் இருக்கிறது. செலவும் சிரமமும் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரே ஆள் இன்னும் தொடங்காதவர். அந்தத் தடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அகற்றியதுதான் இந்தப் பொருளின் வெற்றி.

இனி, வயது வரம்பு என்ன செய்தது என்று பார்ப்போம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேப் விற்பது இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்தே குற்றம். அதன் பின் ஆறாண்டுகள் சிறுவர்களிடையே வேப் பழக்கம் பெரிதாக வளரவில்லை. புகையிலை எதிர்ப்பு அமைப்பான ஆஷ் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பின்படி, 11 முதல் 17 வயதுள்ளவர்களில் வேப் இழுப்பவர்கள் 2021இல் 3.3 சதவீதம். 2023இல் அது 7.6 சதவீதமாகிவிட்டது. அதே சிறுவர்களில் யூஸ் அண்ட் த்ரோ வகையை முதன்மையாகப் பயன்படுத்தியவர்கள் 2021இல் 7.7 சதவீதம், 2022இல் 52 சதவீதம், 2023இல் 69 சதவீதம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் கண்ட எண் இன்னும் கூர்மையானது. வேப் இழுக்கும் பதினெட்டு வயதுக்காரர்களில் இந்த வகையைப் பயன்படுத்தியவர்கள் 2021 ஜனவரியில் 0.4 சதவீதம், பதினைந்து மாதங்களில் அது 54.8 சதவீதம். இந்த இடைவெளியில் வயது வரம்பு மாறவில்லை. கடைக்காரர்கள் திடீரென்று நேர்மை இழந்துவிடவில்லை. பெற்றோர்கள் ஒரே ஆண்டில் பொறுப்பற்றவர்களாகிவிடவில்லை. சட்டம், கடை, வீடு எல்லாம் பழையபடியே இருந்தன; அலமாரிக்கு வந்த பொருள் மட்டும் புதியது. பழக்கம் இரண்டு மடங்கானதற்குக் கடைக்காரரின் ஒழுக்கக்கேட்டைக் காரணம் காட்டுபவர், அந்த ஒழுக்கக்கேடு ஏன் 2021 வரை காத்திருந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்க அனுபவம் இதைவிடத் தெளிவானது. அங்கே 2019இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் புகையிலைப் பொருள்களுக்கும் வேப்புக்குமான வயது வரம்பு நாடு முழுவதும் 21 ஆக உயர்த்தப்பட்டது. சில நாட்களில், 2020 ஜனவரித் தொடக்கத்தில், உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் புதிய கொள்கையை அறிவித்தது. ஜூல் போன்ற, குப்பி மாற்றும் கருவிகளில் புகையிலை, மென்தால் தவிர்த்த சுவைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. யூஸ் அண்ட் த்ரோ வகையை அந்த முன்னுரிமையிலிருந்து விட்டுவிட்டது. வேப் இழுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் யூஸ் அண்ட் த்ரோ வகையைப் பயன்படுத்தியவர்கள் 2019இல் 2.4 சதவீதம், 2020இல் 26.5 சதவீதம். பள்ளி மாணவர்களின் மொத்த வேப் பழக்கம் அந்த ஆண்டு குறைந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உயர்த்தப்பட்ட வயது வரம்பு இரண்டு வகைக்கும் பொதுவானது. வேறுபாடு ஒன்றுதான்: ஒன்றின் சுவையைச் சட்டம் தொட்டது, மற்றொன்றைத் தொடவில்லை. தொடப்படாததன் பங்கு ஒரே ஆண்டில் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. பள்ளம் கண்ட இடத்துக்குத் தண்ணீர் பாய்வதுபோலச் சந்தை அங்கே பாய்ந்தது. அந்த வெள்ளத்தில் வளர்ந்த பஃப் பார் என்ற வேப், புகையிலையிலிருந்து எடுக்காத செயற்கை நிகோட்டினுக்கு மாறிச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே போய் நின்றுகொண்டது; 2022இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த ஓட்டையை அடைத்தது. அதற்குள் எல்ஃப் பார் என்ற இன்னொன்று வந்துவிட்டது. 2023 கணக்கெடுப்பில் வேப் இழுக்கும் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

‘இந்தப் பிள்ளைகள் வேப் இல்லாவிட்டால் சிகரெட் பிடித்திருப்பார்கள்; ஆக, இதுவும் ஒரு வகையில் நன்மைதான்’ என்று பதில் வரும். சிலர் விஷயத்தில் அது உண்மையாக இருக்கலாம். எல்லோர் விஷயத்திலும் இல்லை. இங்கிலாந்தில் ஒருபோதும் வழக்கமாகப் புகைக்காதவர்களில் வேப் பழக்கம் உள்ளவர்கள் 2021 வரை 0.5 சதவீதமாகவே இருந்தார்கள், 2024இல் 3.5 சதவீதம், ஆள் கணக்கில் சுமார் பத்து லட்சம் பேர். 18 முதல் 24 வயதுக்குள் பார்த்தால், புகைத்தறியாதவர்களில் ஏழில் ஒருவர். பிரிட்டனில் இளைஞர்களின் புகைப்பழக்கம் இந்தக் கருவி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சரிந்துகொண்டிருந்தது. சிகரெட்டிலிருந்து விலகிக்கொண்டிருந்த ஒரு தலைமுறையைத்தான் நிகோட்டின் திரும்பப் பிடித்திருக்கிறது. ‘சிகரெட்டைவிடக் கேடு குறைவு’ என்ற வாசகம் இவர்களுக்குப் பொருந்தாது. புகைப்பவருக்கு ஒப்பீடு சிகரெட்; புகைத்தறியாதவருக்கு ஒப்பீடு சுத்தமான காற்று. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2025இல் அமெரிக்கச் சந்தையில் புழங்கும் மூன்று பெயர்களின் யூஸ் அண்ட் த்ரோ கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று ஒரு நாள் பயன்பாட்டில் ஏறக்குறைய இருபது பாக்கெட் சிகரெட் வெளியிடும் ஈயத்தைவிட அதிக ஈயத்தை வெளியிட்டது. ஈயம் கலந்த மலிவான உலோகப் பாகங்கள் அதற்குக் காரணம். எல்லாக் கருவியும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் வேப் என்ற ஒற்றைப் பெயரின் கீழ் வருவதெல்லாம் ஒரே அளவு பாதுகாப்பானவை என்று நம்பி இருந்துவிடவும் முடியாது.

தூக்கி எறிவது என்பது சுற்றுச்சூழலுக்கு மட்டுமான கவலை என்று அதைத் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் 2023இல் வாரத்துக்குச் சுமார் 50 லட்சம் யூஸ் அண்ட் த்ரோ வேப்கள் எறியப்பட்டன என்று மெட்டீரியல் ஃபோகஸ் என்ற மறுசுழற்சி அமைப்பு கணக்கிட்டது. முந்தைய ஆண்டில் அது 13 லட்சம். ஓராண்டில் குப்பைக்குப் போன லித்தியத்தைக் கொண்டு 5,000 மின்சாரக் கார்களுக்கு பேட்டரி செய்யலாம். எறியப்படும் பேட்டரிகளால் குப்பை வண்டிகளும் குப்பைக் கிடங்குகளும் தீப்பிடிப்பது அங்கே வாடிக்கையாகிவிட்டது. இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் பேட்டரிகள் நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றத் தகுந்தவை என்று லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் பிரித்துச் சோதித்துச் சொன்னார்கள். ஆகவே ஒரே முறையோடு எறிவது தொழில்நுட்பத்தின் தேவை அல்ல, வியாபாரத்தின் தேவை. அந்தத் தேவை எது என்று யோசித்தால் குப்பைப் பிரச்சினையும் பிள்ளைகள் பிரச்சினையும் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டில் ஒளித்து வைக்கச் சார்ஜர் இல்லை, திரவப் புட்டி இல்லை. கைச்செலவுக் காசில் வாங்கி, இழுத்து, வீடு திரும்பும் வழியில் எறிந்துவிடலாம். பெற்றோர் கண்ணில் படும் தடயமே மிஞ்சாது. நிலத்தைக் கெடுக்கும் அதே குணம்தான் பழக்கத்தை மறைத்து வளர்க்கவும் உதவுகிறது.

எதிர்வாதங்களில் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், வீடற்றவர்கள், கைநடுக்கம் உள்ள முதியவர்கள் போன்றோர் சிகரெட்டை விட இந்த எளிய கருவி உதவியது, இப்போது அவர்கள் கதி என்ன என்று கேட்கிறார்கள். யூஸ் அண்ட் த்ரோ வகை வசதி குறைந்தவர்களிடமும் மனநலப் பிரச்சினை உள்ளவர்களிடமும் அதிகம் புழங்கியது உண்மை. இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது எளிமை. எறியும் வசதியோ பஞ்சுமிட்டாய்ச் சுவையோ அல்ல. திரவம் நிரப்பிய குப்பியைச் செருகி இழுக்கும், மின்னேற்றிக்கொள்ளும் கருவிகள் அந்த எளிமையைத் தருகின்றன. அவை தடைக்குள் வரவில்லை. பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் தொகுப்பும் ஆலோசனையும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை இங்கிலாந்துக்காகப் பிரிட்டிஷ் அரசு 2023இல் அறிவித்தது. நலிந்தவர்களுக்கு உதவுவது என்றால் இதுதான் வழி: அவர்களிடம் போய், உரிய கருவியைக் கொடுத்து, கூடவே இருப்பது. அவர்கள் பெயரைச் சொல்லித் தெருவுக்குத் தெரு மிட்டாய் அலமாரிகளில் நிகோட்டினை விற்பதை உதவி என்று ஏற்க முடியாது. புகைப்பதை நிறுத்தவே இந்தப் பொருள் என்று நிறுவனங்கள் உண்மையாகவே நம்பினால் அதை மருந்தாகப் பதிவுசெய்து உரிமம் பெறும் வழி பிரிட்டனில் பல ஆண்டுகளாகத் திறந்திருக்கிறது. அந்த வழியாக வந்து, மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுக்கும் நிலையில் ஒரு யூஸ் அண்ட் த்ரோ வேப்கூட அங்கே இல்லை.

அடுத்தது கள்ளச்சந்தை வாதம். ‘தடை போட்டால் ரவுடிகள் கையில் போகும், ஆஸ்திரேலியாவைப் பாருங்கள்’ என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆஸ்திரேலியா 2024 ஜனவரியில் யூஸ் அண்ட் த்ரோ வேப்களின் இறக்குமதியை நிறுத்தியது. ஜூலையில் எல்லா வேப் விற்பனையையும் மருந்துக்கடைகளுக்குள் ஒடுக்கியது. சிகரெட் வரியோ உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. 2023இலிருந்து மெல்பர்னில் புகையிலைக் கடைகள் கும்பல் சண்டையில் கொளுத்தப்பட்டு வருகின்றன. சண்டையின் மையம் கள்ளச் சிகரெட், வேப் அதோடு சேர்ந்தது. புகைப்பவருக்கு எட்டும் விலையில் சட்டபூர்வமான வழியை அடைத்தால் கள்ளச்சந்தை கொழுக்கும் என்பதே இதன் பாடம். ஆனால் அது முழுத்தடைக்கு எதிரான பாடம்; பொருளைத் திருத்தும் ஒழுங்குமுறைக்கு எதிரானது அல்ல. பிரிட்டனில் அடுத்த அலமாரியிலேயே நிரப்பும் கருவி சட்டப்படி விற்கப்படுகிறது. தவிர, யூஸ் அண்ட் த்ரோ அனுமதிக்கப்பட்டிருந்த காலத்திலேயே அங்கே கள்ளச்சரக்கு கொட்டிக் கிடந்தது; லட்சக்கணக்கில் பறிமுதலும் ஆனது. சட்டபூர்வச் சரக்கின் நடுவே அது ஒளிந்திருந்தது. 2023 தொடக்கத்தில் எல்ஃப் பார் கருவிகள் சிலவற்றில் 2 மில்லி வரம்பை மீறித் திரவம் இருந்தது தெரியவந்து பேரங்காடிகள் அவற்றை அகற்றின. அதைக் கண்டுபிடிக்கவே ஆய்வகச் சோதனை தேவைப்பட்டது. வகையே தடைசெய்யப்பட்டால் அதிகாரிக்கு ஆய்வகம் வேண்டாம். அலமாரியில் இருப்பதே சாட்சியம். தடை அமலாக்கத்தைக் கடினமாக்கும் என்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் நாட்டை உதாரணம் காட்டுவோரும் உண்டு. இந்தியா 2019இல் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்தது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியும் இணையத்திலும் கடைகளிலும் வேப் கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு எளிதில் எட்டுகிறது என்று கவலைப்பட்டு, தடையைக் கறாராக அமல்படுத்தச் சொல்லி 2023இல் மத்தியச் சுகாதார அமைச்சகமே பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2013இலிருந்து குட்காவுக்குத் தடை இருக்கிறது. அது பெட்டிக்கடைகளில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது ஊரறிந்தது. இந்தக் கட்டுரை அந்த வகைத் தடைக்கு வக்காலத்து வாங்கவில்லை. 2016-17 கணக்கெடுப்பின்படி 26.7 கோடிப் பேர் புகையிலை பயன்படுத்தும் நாட்டில், சிகரெட்டையும் பீடியையும் தாராளமாக விற்கவிட்டு, அவற்றிலிருந்து மீள ஒருவருக்கு உதவக்கூடிய கருவியையும் பிள்ளைகளைப் பிடிக்கும் கருவியையும் வேறுபாடில்லாமல் ஒரே சட்டத்தில் கட்டிப்போட்டது பொருளைப் பகுத்தறிந்து செய்த வேலை ஆகாது. எல்லாவற்றையும் அப்படியே விடுவதும் எல்லாவற்றையும் அப்படியே தடுப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டுமே பொருளைப் பிரித்துப் பார்க்க மறுக்கின்றன.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் பிரிட்டிஷ் தடைக்குப் பிறகு நடந்ததுதான். மின்னேற்ற முடியாத அல்லது நிரப்ப முடியாத கருவி என்பதே சட்டம் கொடுத்த வரையறை. நிறுவனங்கள் அடியில் ஒரு சார்ஜர் துளையும் மேலே மாற்றக்கூடிய ஒரு குப்பியும் வைத்தன. அதே பெயர், அதே நிறம், அதே சுவை. விலையும் பெரிதாக மாறவில்லை. தடை வரப்போகிறது என்று தெரிந்த 2024ஆம் ஆண்டிலேயே, வேப் இழுக்கும் 16 முதல் 24 வயதினரில் யூஸ் அண்ட் த்ரோ வகையை முதன்மையாகப் பயன்படுத்தியவர்கள் 63 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்தார்கள். பழக்கம் வளர்வது நின்றது, குறையவில்லை. பலர் வேறு கருவிக்கு மாறிக்கொண்டார்கள். ‘பார்த்தீர்களா, தடை வீண்’ என்கிறார்கள். நான் எடுக்கும் முடிவு வேறு. சட்டம் ஒரு குணத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது; சந்தை அந்த ஒரு குணத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. சட்டம் பெயர் சொல்லாத சுவையும் நிறமும் கண்காட்சியும் மலிவும் அப்படியே நின்றன. பொருள் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வயது வரம்பு பல ஆண்டுகள் இருந்தும் அதன் பொருட்டு எந்த நிறுவனமும் தன் கருவியின் வடிவத்தை மாற்றவில்லை. பொருளைத் தொட்ட சட்டம் அமலுக்கு வரும் முன்பே நிறுவனங்கள் மாற்றின. தொட்டது போதவில்லை என்பதுதான் குறை.

கலால் வரியிலும் இதே குறை தெரிகிறது. 2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்துக்குப் பத்து மில்லிக்கு 2.20 பவுண்டு என்ற ஒரே அளவிலான வரியைப் பிரிட்டன் அறிவித்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சமநீதி. கணக்குப் போட்டுப் பார்த்தால், நிரப்பும் கருவிக்குப் பத்து மில்லி புட்டி வாங்கும் முன்னாள் புகையாளர் 2.20 பவுண்டு கூடுதலாகக் கட்டுவார். 2 மில்லி அடைத்த மலிவுக் கருவியை வாங்கும் பள்ளி மாணவன் 44 பென்ஸ் கட்டுவான். யாரை ஊக்குவிக்க வேண்டுமோ அவர் மேல் பாரம் அதிகம். யாரைத் தடுக்க வேண்டுமோ அவன் மேல் பாரம் குறைவு. திரவத்தின் அளவை மட்டும் பார்க்காமல் கருவிக்கு ஒரு குறைந்தபட்ச வரி வைத்தால் இந்தத் தலைகீழ் நிமிரும். வருவாயை முன்னிறுத்திப் பொருளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா சாட்சி. வேப் திரவத்துக்கு வரி விதிப்பதற்காக அந்நாட்டு அரசு 2023 மார்ச் இறுதியில் அதிலுள்ள நிகோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபரில். நடுவே ஒன்றரை ஆண்டுகள், நிகோட்டின் கலந்த வேப்பைப் பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்க நாடு தழுவிய சட்டம் அங்கே இருக்கவில்லை.

கடைசியாக, சுதந்திரம். ‘எதை இழுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்துகொள்வார்கள், பிள்ளைகளைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள், அரசுக்கு இங்கே என்ன வேலை’ என்கிறார்கள். தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை மதிப்புள்ளது. அதனால்தான் அந்த உரிமையைக் குலைக்கும் பொருளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நிகோட்டின் வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை எளிதில் பிடித்துக்கொள்ளும். பதினான்கு வயதில் பிடிபட்டவர் இருபது வயதில் கடைக்குப் போவதைச் சுதந்திரத் தேர்வு என்று சொல்ல முடியாது. பெற்றோர் மேல் பொறுப்பைப் போடுவதும் எளிது. மணம் தங்காத, ஒலியில்லாத, பேனா அளவுள்ள, பயன்படுத்தியதும் காணாமல்போகும் ஒரு கருவியை எந்தத் தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்? அவள் கண்ணில் படாமல் இருக்கும்படி செய்த ஒரு பொருளை விற்றுவிட்டு, நீ ஏன் பார்க்கவில்லை என்று அவளையே கேட்பது அநியாயம். சிகரெட்டை விட விரும்பும் பெரியவரின் உரிமையோ, நிரப்பும் கருவி விற்பனையில் இருக்கும் வரை, சற்றும் குறையவில்லை. அவர் இழப்பது ஒரு வடிவத்தை மட்டுமே.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கருவியில் சார்ஜர் துளை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், சுவைகளின் பட்டியலைச் சுருக்க வேண்டும். மிட்டாய்ப் பெயர்களையும் வண்ணங்களையும் நீக்க வேண்டும். சிகரெட்டை எப்படிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்களோ அப்படி வேப்பையும் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் தடையை மீறும் கடைக்கு முதல் தண்டனை 200 பவுண்டு அபராதம். அது ஒரு வியாபாரச் செலவு போலக் கழிந்துவிடும். உரிமம் வாங்கித்தான் விற்க வேண்டும், மீறினால் உரிமம் போகும் என்றிருந்தால் கடைக்காரர் தானே காவல்காரராவார். வயது வரம்பும் அமலாக்கமும் அப்போதுதான் பலன் தரும். அவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவை மட்டும் போதும் என்பதே பொய். 2024 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்த புகையிலை மற்றும் வேப் மசோதா, சுவை, உறை, காட்சிப்படுத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அமைச்சர்களுக்குக் கொடுக்கும்படி எழுதப்பட்டது சரியான திசை. அதிகாரத்தைப் பெறுவது பாதி வேலை; தொழில்துறையின் நெருக்குதலுக்குப் பணியாமல் அதைப் பயன்படுத்துவது மீதி வேலை. புதிய வேப் ஒன்று சந்தைக்கு வரும்போது, இது யாரைச் சிகரெட்டிலிருந்து மீட்கும், யாரைப் புதிதாக நிகோட்டினுக்குள் இழுக்கும் என்ற கேள்விக்கு அதை விற்பவர் முதலில் சான்றோடு பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பழகிய பிறகு கணக்கெடுப்பு நடத்தி அரசு அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று இதுவரை இருந்துவிட்டோம். நிரூபிக்கும் பாரம் இனி விற்பவர் தோளில் ஏற வேண்டும்.